தேதி இல்லாத மருந்து

துப்பாக்கித் தோட்டாவின் மேல் காலாவதித் தேதி இருக்காது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் இடது கை போன பிறகு எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது அதைத்தான். "தேதி பாக்கலியாம்மா? நீ மருந்து கம்பெனில தான இருக்கற?" மீதிப் பேர் அம்மாவிடம் கேட்டார்கள்: "தோட்டாவ எங்க வச்சிருந்தீங்க?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட பதிலால் என் அக்காவும், அக்கா வீட்டுக்காரரான பாவாவும் எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினார்கள். அந்தப் பதில் தவறு என்று முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். சரியான பதிலைச் சொன்னால் அது யார் தலையில் விழும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்தவள். புதிதாகத் தயாரித்த மாத்திரைகளை வெவ்வேறு சூட்டிலும் ஈரத்திலும் பூட்டி வைத்து, இடைவெளி விட்டு எடுத்துச் சோதித்து, எவ்வளவு காலம் தாங்கும் என்று எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. முப்பது டிகிரி, எழுபத்தைந்து சதவீத ஈரப்பதம் என்பது நம் போன்ற நாடுகளுக்கான அளவு. அந்த அறையின் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைவது போலவே இருக்கும்.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், மல்லாட்டை எனும் நிலக்கடலை போடுவோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருஷம் கொஞ்சம் கரும்பு. மல்லாட்டை காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கும். ஒரு கூட்டம் வந்துவிட்டுப் போனால் கொல்லை ஏர் ஓட்டியது போலக் கிடக்கும். நைனாவிடம் உரிமத்தோடு ஒரு ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. பன்றியைச் சுட அவருக்கு அனுமதி கிடையாது. வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டலாம். அதையும் அவர் சிக்கனமாகவே செய்வார். தோட்டா வாங்க வேண்டுமானால் உரிமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும், ஒரு நாள் வேலை கெடும். அதனால் ஒரு பெட்டி பல வருஷங்களுக்கு வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு வந்திருந்தபோது, அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன்.

"நைனா, இது எப்ப வாங்கினது?"

"நீ பத்தாவது படிச்சிகினு இருந்த இல்ல, அப்போ."

"அவ்ளோ பழசா? இன்னும் வெடிக்குமா?"

"இன்னாத்துக்கு வெடிக்காது? உள்ள இருக்கறது மருந்து. ஈரம் படாம இருந்தா போதும்."

"மருந்துன்னா தேதி போடணும்."

"உன் மருந்துக்குத்தான்மா தேதி. அத துன்றவன் பொழைக்கணும். என் மருந்து எவன பொழைக்க வைக்கப் போவுது?"

அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "ரெண்டு மருந்து யாவாரியும் சோறு துன்ன வரீங்களா?" என்றாள்.

நைனா சொன்னது பெரும்பாலும் சரி. சூடும் ஈரமும் இல்லாத இடத்தில் வைத்தால் தோட்டா ஒரு தலைமுறைக்குக்கூட வரும். என்ன கெடும், எதனால் கெடும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே அதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டாவின் உடம்பு ஒரு குழாய். அந்தக் காலத்தில் காகிதம், இப்போது பிளாஸ்டிக். அடியில் பித்தளை மூடி. அதன் நட்டநடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக ஒரு கேப்பு. துப்பாக்கியின் ஊசி கேப்பில் குத்தினால் பொறி உள்ளே போகும், மருந்து எரியும், மருந்துக்கு மேலே இருக்கிற தக்கை ஈய ரவைகளைத் தள்ளிக்கொண்டு குழலை விட்டு வெளியே பாயும். காகிதக் குழாய் ஈரம் குடித்தால் உப்பும். உப்பினால் துப்பாக்கிக்குள் நுழையாது, ஆபத்தும் அங்கேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் உப்பாது. உள்ளே கெட்டிருப்பது கைக்கோ கண்ணுக்கோ தெரியாது. கேப்பு முழுக்கச் செத்துப் போயிருந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பாதி செத்த கேப்புதான் மோசம். அரைப் பொறி, அரை எரிப்பு. தக்கைக்குக் குழலின் பாதி தூரம் போகத்தான் பலம் இருக்கும். அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்கும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால், வெளியே போக வழியில்லாத வெடிப்பு குழலைக் கிழிக்கும்.

நைனாவுக்கு நடந்தது அதுதான். பங்குனி மாதம், பொழுது சாயும் நேரம். பன்றிகள் எங்கள் கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவில் இருந்த வரப்பில் இறங்கின. பக்கத்துக் கொல்லைக்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டே சரவெடியைக் கொளுத்திப் போட்டார். அந்த நேரத்தில் நைனாவும் வெடித்திருக்கிறார். "எங்க சரவெடி சத்தத்துல அவரு துப்பாக்கி சத்தம் எனக்கே கேக்கலம்மா," என்று பக்கத்துக் கொல்லைக்காரர் என்னிடம் பலமுறை சொன்னார். "வெடிச்சிட்டுது, பன்னி போவலன்னு நினைச்சிகினு இன்னொண்ணு போட்டாரு. அப்பறம் கேட்ட சத்தம் துப்பாக்கி சத்தமே இல்ல. இடி வுழுந்த மாதிரி."

குழலின் அடியில் தாங்கியிருந்த இடது கை. அரக்கோணத்தில் முதல் கட்டு, பிறகு சென்னை. மூன்று விரல்கள் கொல்லையிலேயே போயிருந்தன. மீதி இருந்ததைக் காப்பாற்றப் பார்த்தார்கள். சீழ் வைத்து, கடைசியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். நான் அவசரப் பிரிவின் வாசலில் நின்றபடி வாங்க வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். மருந்து, துணி, ஆதார் நகல், அம்மாவுக்கு மாற்றுப் புடவை.

நினைவு திரும்பி நைனா முதலில் பேசியது இதுதான்: "மோட்டார் கொட்டாய்ல வச்சான் பாரு."

முந்தின மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். சாமான்களெல்லாம் கனகம்மாசத்திரம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயின. துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. தோட்டாப் பெட்டியை வைத்திருந்த பிஸ்கெட் டின்னைப் பாவா வாங்கி, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்று தன் கொல்லைக் கிணற்றடி மோட்டார் கொட்டாயின் மேல் பலகையில் வைத்துப் பூட்டினார். மழைக்காலம் முழுக்க அது அங்கே இருந்தது. அதைச் சொல்லித்தான் நைனா பல்லைக் கடித்தார். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பாவா வந்தபோது அம்மா எழுந்து நின்று, "பாக்க வந்தியா, மிச்சம் இருக்கறது போச்சான்னு?" என்று கேட்டாள். பாவா கொண்டுவந்த பழப் பையைச் சுவரோரமாக வைத்துவிட்டுப் போனார். அக்கா அவர் பின்னாலேயே போனாள். அதன் பிறகு போன்கூட இல்லை.

நைனாவை வீட்டுக்கு அழைத்து வந்ததும் மீதித் தோட்டாக்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி ஸ்டேஷனிலிருந்து சொன்னார்கள். நைனாவால் முடியாது. அம்மா அந்த டின்னைத் தொடவே மறுத்தாள். நான் எடுத்தேன். ஒப்படைப்பதற்கு முன் மொட்டை மாடியில் நிழலான இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எதையும் பிரிக்கவில்லை, தட்டவில்லை, துடைக்கவும் இல்லை. கண்ணால் பார்ப்பதும் போனில் கிட்டத்தில் படம் எடுப்பதும் மட்டும்தான்.

பார்க்கப் பார்க்க அவை தாமாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. எல்லாவற்றிலும் பித்தளை விளிம்பு மங்கி, அங்கங்கே கறுத்திருந்தது. அது கொட்டாய் ஈரம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. ஆனால் ஒரு கூட்டத்தில் நடுவிலிருந்த கேப்பு சுத்தமாகப் பளபளத்தது. இன்னொரு கூட்டத்தில் கேப்பின் மேல் பச்சை பூத்து, ஊசியால் கிளறியது போலக் குழி விழுந்திருந்தது. பச்சை கேப்பின் மேல் மட்டும்தான், வட்டமாக. ஈரத்தால் வந்திருந்தால் விளிம்பிலிருந்து பரவியிருக்க வேண்டும். இது நடுவில் தொடங்கி நடுவிலேயே நின்றிருந்தது. யாரோ அளந்து வைத்தது போல.

பச்சையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது. எனக்கு அதைச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், தராசு, பைக், அம்மாவின் தையல் மெஷின், என் லேப்டாப். துப்பாக்கியையும் துடைத்துப் படுக்க வைப்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு மணையில் தோட்டாக்களை, பித்தளைப் பக்கம் மேலே இருக்கும்படி, குட்டிச் சொம்புகளை அடுக்குவது போல அம்மா நிறுத்துவாள். மணையில் இடம் இருக்கும்வரைதான். மீதி பெட்டியிலேயே கிடக்கும். பிறகு மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் ஒரு புள்ளி, அதன் மேல் குங்குமம். பித்தளை வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டம் இருக்கும்போது பொட்டு வேறு எங்கே போகும்? மறுநாள் அப்படியே பெட்டியில் வைத்து டின்னை மூடிவிடுவார்கள். பொட்டைத் துடைத்து எடுப்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை.

சந்தனத்தில் தண்ணீர். குங்குமத்தில் மஞ்சளோடு எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெங்காரம் என்று என்னென்னவோ. காற்றுப் போகாத டின். பித்தளையை அரிக்க வைக்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையை வடிவமைக்கச் சொன்னால் நானும் ஏறக்குறைய இதைத்தான் எழுதுவேன். இன்னொன்றும் இருந்தது. நைனா கொல்லைக்குப் போகும்போது பொட்டு வைத்த தோட்டாக்களைத்தான் முதலில் எடுப்பார். சாமிக்கு வைத்தது கைவிடாது என்பது அவர் எண்ணம். பெட்டியின் அடியில் கிடந்த நல்ல தோட்டாக்கள் கடைசிவரை அங்கேயே கிடந்தன.

டின்னை ஒப்படைத்துவிட்டு வந்த அன்றே நைனாவிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. போனில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"அவளாண்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அப்ப பாவா?"

"அவன் ஆம்பள. நாலு பேரு ஏசுவாங்க, தாங்கிப்பான். இவ தாங்க மாட்டா. நான் வச்ச பொட்டுதான் எம்புருஷன் கைய எடுத்துச்சுன்னு ஒரு தரம் மனசுல வுழுந்துச்சுன்னா அவ்ளோதான். எழுந்துக்கவே மாட்டா."

"நைனா, அது நியாயம் இல்ல."

"நியாயத்த உன் ஆபீஸ்ல வச்சுக்க." கட்டுப் போட்ட கையைத் தலையணையில் நகர்த்தி வைத்து, "கொட்டாய் ஈரமும் சேந்துதான்னு நீயே சொல்ற இல்ல? அப்ப பாதி அவன் மேல நிக்குது. பாதியோ முழுசோ, அங்கயே நிக்கட்டும்," என்றார்.

வேலையிலும் இதை நான் பார்த்திருக்கிறேன். 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று நாம் எழுதும் வரியை, படிக்கிறவர் தனக்கு எது வசதியோ அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்வார். அங்கே நான் மேலதிகாரியிடம் போய் வாதாடுவேன். இங்கே ஒற்றைக் கையால் போர்வையை இழுக்க முயன்றுகொண்டிருந்தவரிடம் என்ன வாதாடுவது? போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு துணியை உதறிப் போட்ட பிறகுதான், "உள்ள வா," என்றாள். பாவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாத்திர டாக்டரு," என்றார். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். குரல் மட்டும் பழையதாக இல்லை. "மாமா எப்படிகீறாரு?"

"கட்டு மாத்திகினு இருக்காங்க. பரவால்ல."

"எனக்கு டீக்கடைல ஒரு பேரு வச்சிருக்கானுங்க தெரியுமா? கைவாங்கி. 'கைவாங்கி வந்துட்டான், ரெண்டு கையாலயும் டீய புடிங்கடா'ன்றானுங்க." சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்ததைச் சாப்பிடவில்லை. "நான் பண்ணது தப்புன்னா சொல்லு, மாமா கால்ல உழறேன். கொழந்தைங்க எடுக்கக் கூடாதேன்னு வச்சேன். தப்பு இல்லன்னா அதயும் நீயே வந்து சொல்லு. நீ படிச்சவ, நீ சொன்னா அத்த கேக்கும். ரெண்டும் சொல்லாம நடுவுல நிக்காத."

"பாத்துகினு இருக்கேன் பாவா," என்றேன்.

"இன்னாத்த பாத்துகினு இருக்க?" என்றாள் அக்கா. "தோட்டாதான் ஸ்டேஷனுக்குப் போயிடுச்சே."

அவளுக்கு என்னைப் பிறந்ததிலிருந்து தெரியும். நான் எழுந்ததும், அவள் வாசல்வரை வந்து, "உனுக்கு ஏதோ தெரியும்," என்றாள். "அம்மாவுக்கு தெரியக் கூடாதது."

ஆவணியில் வந்த கிருத்திகையன்று அம்மா திருத்தணி மலைக்குப் போக வேண்டும் என்றாள். பஸ்ஸில் மேலே போகலாம் என்றேன். படியேறித்தான் போவேன் என்றாள். பாதிப் படியில், ஒரு மண்டபத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, அவள் புடவை மடியைப் பிடித்தபடியே இருப்பதைக் கவனித்தேன். மொட்டையடித்த ஒரு குடும்பம் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"மடியில இன்னாமா?"

"மண்ணு."

"எந்த மண்ணு?"

"கொல்ல மண்ணு. உங்க நைனா ரத்தம் கொட்டின எடத்துல எடுத்தேன். மேல போயி, இதுக்கு எவன் காரணமோ அவன் கையும் இதே மாதிரி போவணும்னு சொல்லி வாரி வுட்டுட்டு வரப்போறேன்."

"அக்கா புருஷன்மா அவரு."

"தெரியும். எம்புருஷன் இவரு."

மண்ணை வாரி விடுவது என்பது எங்கள் பக்கத்தில் சும்மா சொல்லும் வசவு இல்லை. சாமி முன்னால் செய்தால் திருப்பி எடுக்க முடியாது என்று அம்மா நம்புகிறவள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் அவள் நம்புகிறாள். 'எவன் காரணமோ' என்று சொல்லப் போகிறாள். அது எங்கே வந்து விழும் என்பது தெரியாமல் சொல்லப் போகிறாள். பின்னால் ஒருநாள் தெரிந்தால், பொட்டோடு இந்தச் சாபத்தையும் சேர்த்துச் சுமப்பாள்.

"அம்மா, அது பாவாவால ஆவல," என்றேன்.

வேலையில் எப்படிச் சொல்வேனோ அந்த வரிசையில் சொன்னேன். என்ன பார்த்தேன் என்பதை முதலில். அதிலிருந்து என்ன தெரிகிறது என்பதைப் பிறகு. என்ன தெரியவில்லை என்பதைக் கடைசியில். படத்தைக் காட்டவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"வருஷத்துக்கு ஒரு தரம்தான வச்சேன்," என்றாள். "ஒரு புள்ளி."

"டின்ன மூடி வச்சதால காயல."

"நல்ல குங்குமம்மா அது. நான் வச்சிக்கறது."

"குங்குமத்து மேல குத்தம் இல்ல. பித்தளைக்கு ஆவாது, அவ்ளோதான்."

"கொட்டாய் ஈரம்?"

"அதுவும் சேந்துதான். ஆனா பொட்டு வைக்காத தோட்டாவும் அதே கொட்டாய்லதான் இருந்துச்சு. அதுக்கு ஒண்ணும் ஆவல."

அவள் எதிரே இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு, "அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எப்போலேந்து?"

"தோட்டாவ ஒப்படைச்ச அன்னிலேந்து."

"தெரிஞ்சிகினேதான் எம்முன்னால அந்தப் புள்ளய ஏசிகினு இருந்தாரா?" என் முகத்தைப் பார்த்தாள். "எனக்காவா?"

ஆங் என்று தலையை ஆட்டினேன். முதலில் சொன்னதைவிட இதுதான் அவளை அதிகமாகத் தாக்கியது. மடியைப் பிடித்திருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானை ஓரத்திலிருந்து கொஞ்சம் செம்மண் படியில் கொட்டியது. அதைக் காலால் ஒதுக்கக்கூடத் தயங்கி, சுற்றிக்கொண்டு ஏறினாள்.

மேலே சன்னதியில் எல்லோரையும் போல வரிசையில் நின்றோம். முறை வந்தபோது அம்மா கையைக் கூப்பினாள், உதடு அசையவில்லை. விபூதி குங்குமத் தட்டு நீண்டபோது நான் எடுத்துக்கொண்டேன், அவள் எடுக்கவில்லை. மண்ணை என்ன செய்தாள் என்பதை நான் பார்க்கவில்லை. கீழே இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மடி தளர்ந்திருந்தது. எங்கள் ஊர் பஸ் நின்றிருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், கனகம்மாசத்திரம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

அக்கா வீட்டில் அம்மா உட்காரவில்லை. பாவா கொல்லையிலிருந்து வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அக்கா தண்ணீர் கொடுத்தாள், குடித்தாள். பாவா வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது உன்னால ஆவலப்பா," என்றாள் அம்மா. "நான் பொட்டு வச்சதால ஆச்சு. இவ பாத்திருக்கா. டீக்கடைல எவனாவது பேசினா என் பேர சொல்லு."

பாவா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இத்தனை மாதமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் முகத்தில் எந்தத் தெளிவும் வரவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். "நானும் அங்க வச்சிருக்கக் கூடாது அத்த," என்றார். "வூட்டு பரண்ல போட்டிருக்கலாம்."

அக்கா சாப்பிடச் சொன்னாள். கடைசி பஸ் போய்விடும் என்று அம்மா கிளம்பினாள்.

கிளம்பும்போது அக்கா உள்ளே போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் மகள் நீட்டினால் அம்மா முதலில் எடுத்து மகளுக்கு வைப்பாள், பிறகுதான் தனக்கு. அக்கா சிமிழை நீட்டி, வழக்கம்போலத் தலையைக் கொஞ்சம் குனிந்தாள். அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே வச்சுக்கம்மா," என்றாள்.

"அம்மா, கிறுக்கா உனுக்கு?" என்றாள் அக்கா. "நான் இன்னா பித்தளையா?"

எப்போதும் என்றால் அம்மா சிரித்திருப்பாள். அக்கா குனிந்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தன் நெற்றியில் தானே வைத்துக்கொண்டு, அம்மாவின் நெற்றியிலும் வைத்துவிட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கோயிலுக்குப் போனவர்கள் வர இவ்வளவு நேரம் ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

"சொல்லிட்டியா?"

"ஆங்."

அவர் கோபப்படவில்லை. அதற்காக நான் தயாராக வைத்திருந்த பதில்கள் வீணாயின.

"அவங்க?"

"ஞாயித்துக்கெழம வராங்க. ரெண்டு பேரும். பசங்களும்."

"சரி." சட்டையின் இடது கை முனையை வலது கையால் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு நழுவியது, மறுபடியும் மடித்தார். "இவ?" என்றார்.

அவளைப் பற்றி என்னிடம் எந்த முடிவும் இல்லை. பார்த்ததை மட்டும்தான் சொல்ல முடியும். சாமி மாடத்தில் விளக்கு ஏற்றும் நேரம் தாண்டியிருந்தது, மாடம் இருட்டாகவே இருந்தது. உள்ளே அம்மா அரிசி களையும் சத்தம் கேட்டது.